அரங்கத்து வெயிலில் பழைய லென்ஸுகள்

சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1856-ல் நியமனம் பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப், பெரிய மரக் காமிராவையும் ரசாயனக் குப்பிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தென்னாட்டுக் கோயில்களைச் சுற்றி வந்து, 1858-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்து மண்டபங்களையும் மெழுகேற்றிய காகித நெகடிவ்களில் பதித்தார். கல்லின் சொரசொரப்பும் தூண்களின் சிற்ப வேலைப்பாடும் அவ்வளவு நுணுக்கமாக விழுந்திருக்கும் அந்தக் காலத்துப் படங்களில் வானம் மட்டும் வெறும் வெள்ளைத் தாளாக நிற்பதேன் என்ற கேள்வி, அவற்றைப் பார்க்கும் எவருக்கும் எழக்கூடியது. டிரைப்பின் படங்கள் சிலவற்றில் மேகங்கள் தென்படுகின்றன என்றாலும், அவை நெகடிவின்மேல் அவரே தூரிகையால் தீட்டிச் சேர்த்தவை.

வானம் வெளுத்ததற்கு லென்ஸ் பொறுப்பாளி அன்று. அந்நாளைய வெள்ளி உப்புக்கள் நீலத்தையும் ஊதாவையும் தவிர மற்ற நிறங்களை ஏறக்குறைய உணராதவையாதலால், நீல வானம் அவற்றுக்குக் கண்கூசும் பிரகாசமாகவும், மதிலின் செங்காவிப் பட்டைகள் இருளாகவும் இருந்தன. மேலும், சாமானியக் கண்ணாடி வில்லை ஒன்று மஞ்சள் கிரணங்களைக் குவிக்கும் இடமும் ஊதாக் கிரணங்களைக் குவிக்கும் இடமும் வேறுவேறானவை. கண்ணால் பார்த்துத் தெளிவாக அமைத்த பிம்பம் காகிதத்தில் மங்கலாகப் பதியும் என்பதை அனுபவத்தால் அறிந்த ஆரம்ப காலத்துப் புகைப்படக்காரர்கள், கண்ணுக்கு ஒரு குவியம், ரசாயனத்துக்கு வேறொரு குவியம் என்று கணக்கிட்டு, லென்ஸைச் சற்றே நகர்த்தி வைத்த பிறகே படமெடுத்தார்கள்.

இந்தப் பழங்கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. லென்ஸ் ஒன்றின் குணதோஷங்களை அந்த லென்ஸை மட்டும் பரிசோதித்துச் சொல்லிவிட முடியாது. பிம்பம் எதன்மேல் விழுகிறதோ அந்தப் பொருளின் சுபாவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது குணம், எது தோஷம் என்பது தெரியவரும். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் பிலிமுக்கென்று கடைந்தெடுத்த லென்ஸுகளை, பிலிமே இல்லாத டிஜிட்டல் ரேஞ்சுஃபைண்டர் காமிராவில் பொருத்திப் படமெடுக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருப்பதால், இந்த விஷயம் ஏட்டோடு நிற்காமல் அனுபவத்துக்கு வந்துவிட்டது. அதைப் பரீட்சித்துப் பார்க்க ஸ்ரீரங்கத்தைப் போன்ற இடம் அபூர்வம். நண்பகல் வெயிலில் ஒளிரும் பிராகாரமும், அதற்கு நான்கடி தள்ளி மண்டபத்தினுள் உறையும் இருளும் ஒரே சட்டத்துக்குள் வந்து நிற்கும் ஊர் அது. சந்நிதிகளில் காமிராவுக்கு இடமில்லை. வெளிப் பிராகாரங்களும், உத்தர வீதி, சித்திரை வீதிகளும், அம்மா மண்டபத்துப் படித்துறையும் நமக்குப் போதும்.

பழைய லென்ஸ் புதிய காமிராவில் பொருந்துவதே ஒரு மில்லிமீட்டரால் நேர்ந்த பாக்கியம். ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவுக்கு மாக்ஸ் பெரெக் கணித்துத் தந்த எல்மார் முதலாக, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்த லென்ஸுகள் திருகிப் பொருத்துபவை. லென்ஸின் இருக்கைக்கும் பிலிமுக்கும் இடையிலிருந்த தூரம் 28.8 மில்லிமீட்டர். 1954-ல் எம்3 என்னும் காமிராவுக்காகத் திருகை விடுத்து, திருப்பிப் பூட்டும் புதிய இருக்கையை அமைத்தபோது, அந்தத் தூரத்தை 27.8 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். குறைத்த அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒரு பித்தளை வளையம் அடங்கும். வளையத்தின் உட்புறத்தில் பழைய திருகு, வெளிப்புறத்தில் புதிய பூட்டு. 2004-ல் எப்சன் கம்பெனி வெளியிட்ட ஆர்-டி1, 2006-ன் லைக்கா எம்8, 2009-ன் எம்9, 2022-ன் எம்11 ஆகிய டிஜிட்டல் காமிராக்கள் அனைத்தும் 1954-ன் இருக்கையையே வைத்துக்கொண்டமையால், முப்பதுகளில் செய்த லென்ஸ் அந்த வளையத்தின் துணையோடு 6 கோடிப் பிக்சல் கொண்ட காமிராவிலும் தடையின்றி ஏறிக்கொள்கிறது.

ரேஞ்சுஃபைண்டர் காமிராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. காமிராவின் நெற்றியில் ஏறக்குறைய 69 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சாளரங்கள் இருக்கின்றன. இரண்டும் தரும் பிம்பங்களை ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டுவது உள்ளேயுள்ள கண்ணாடிகளின் வேலை. ஒரு மீட்டர் தூரத்துத் தூணை அந்த இரண்டு சாளரங்களும் நோக்கும் திசைகளுக்கிடையே ஏறக்குறைய 4 பாகைக் கோணமும், பத்து மீட்டர் தூரத்துத் தூணுக்கு 0.4 பாகைக் கோணமும் அமையும். லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்விளிம்பு காமிராவுக்குள் இருக்கும் சிறு உருளை ஒன்றைத் தள்ள, உருளையோடு இணைந்த நெம்புகோல் உள்கண்ணாடியைச் சாய்க்க, இரட்டையாகத் தெரிந்த தூண் ஒற்றையாகும் கணத்தில் குவியம் அமைந்துவிட்டதென்று கொள்கிறோம். லென்ஸ் உண்மையில் எங்கே குவிக்கிறது என்பதை இந்த யந்திரம் அறியாது. எங்கே குவிக்க வேண்டுமென்று அந்நாளில் கணித்து வைத்தார்களோ, அதை மட்டுமே அறியும்.

இதனால் விளையும் சங்கடத்தை உணர வேண்டுமானால், சேஷராயர் மண்டபத்து முகப்பில் முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைச் சிற்பங்களின் முன்னே, லுட்விக் பெர்டேல 1932-ல் ஸைஸ் கம்பெனிக்காக வகுத்த எஃப்/1.5 சோனார் லென்ஸையோ, அதன் வழியில் ருஷ்யர்கள் பின்னால் செய்த ஜுபிடர்-3 லென்ஸையோ வைத்துப் பார்க்க வேண்டும். லென்ஸின் விளிம்பு வழியாக நுழையும் கிரணங்கள் நடுவழியே நுழைபவற்றைவிடச் சற்று முன்னதாகவே கூடிவிடும் கோளப் பிறழ்ச்சி இவ்வகை லென்ஸுகளில் கணிசமாக எஞ்சி நிற்கிறது. லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து குதிரையின் கண்ணில் குவியம் வைத்தால், கண் தெளிவாகவும், அதைச் சுற்றி ஒரு மென்மையான ஒளிவட்டம் பூசினாற்போலவும் விழும். துவாரத்தை எஃப்/2.8 அளவுக்குச் சுருக்கினால் விளிம்புக் கிரணங்கள் தடைபட்டு, மிச்சமுள்ள கிரணங்கள் கூடும் இடம் பின்னுக்கு நகர்கிறது. சாளரத்தில் கண் ஒற்றையாகத் தெரிந்தும், படத்தில் தெளிவு பெறுவது பிடரியோ, பின்னாலிருக்கும் தூணோதான். பிலிம் காலத்தில் இதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. அக்காலத்தில் மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள மங்கலையும் தெளிவென்றே ஒப்புக்கொண்டு, எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை தெளிவாக விழும் என்று காட்டும் ஆழ அளவுகோலை லென்ஸின் உடலில் செதுக்கினார்கள். எம்11 காமிராவில் பிக்சல் ஒன்றின் அகலம் 3.76 மைக்ரான், பழைய கணக்குப்படி தெளிவான ஒரு புள்ளி, அதில் குறுக்கே சுமார் ஒன்பது பிக்சல்களை அடைத்துக்கொண்டு மங்கலாகக் காட்சியளிக்கும். தவிர, காமிராவுக்குள் சற்றே வளைந்து நிற்கும் பிலிமைப்போல் அன்றி, டிஜிட்டல் காமிராவில் பிலிமின் இடத்திலிருக்கும் உணரி பளிங்குத் தளம்போல் சமமானது. பிழையை மறைக்கும் தயவு அதனிடம் இல்லை.

இனி மண்டபத்து நிழலுக்கு வருவோம். பழைய லென்ஸுகளைப் பற்றிய பேச்சில் மிகுதியாகப் புகழப்படுவதும், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் நிழலை அவை காட்டும் விதம்தான் என்பது என் அபிப்பிராயம்.

காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு முகத்திலும், வந்து விழும் ஒளியில் சுமார் நூற்றுக்கு நான்கு பங்கு பிரதிபலித்துத் திரும்பிவிடுகிறது. எல்மார் லென்ஸில் அத்தகைய முகங்கள் ஆறு. 1933-ன் சும்மார் லென்ஸில் எட்டு. ஆறு முகங்களைக் கடந்து வரும் ஒளி நூற்றுக்கு 78 பங்கும், எட்டு முகங்களைக் கடந்து வருவது 72 பங்குமாகக் குறைகிறது. பெர்டேல தமது சோனாரில் ஏழு வில்லைகளை மூன்றே கட்டுகளாக ஒட்டவைத்து முகங்களை ஆறாகச் சுருக்கியதன் ரகசியமும் இதுவே. ஒளி குறைவது பெரிய நஷ்டமன்று. சற்று அதிக நேரம் திறந்து வைத்தால் தீர்ந்தது. திரும்பிய ஒளி போய்த் தொலையாமல், வில்லைகளுக்கு இடையே முட்டி மோதி, மறுபடியும் முன்னோக்கித் திரும்பிப் படத்தின் எல்லா இடங்களிலும் ஒரு மெல்லிய திரையாகப் பரவுவதுதான் வினை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை வெயில் படிந்த பிராகாரம் நிறைத்திருக்கிறது என்றும், அதன் பிரகாசம் 1,000 என்றும், மண்டபத்தின் உள்ளே இருண்ட தூணின் பிரகாசம் 1 என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்த ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கு திரையாகப் பரவுமானால், தூணின்மேல் ஏறக்குறைய 6.7 அளவு அந்நிய ஒளி வந்து சேர்கிறது. 1 ஆக இருந்த தூண் 7.7 ஆகிறது, ஆயிரத்துக்கு ஒன்றாக இருந்த ஒளி–நிழல் விகிதம் 130-க்கு ஒன்றாகச் சுருங்குகிறது. நிழல் வெளுத்து, கடுமை தணிந்து, கண்ணுக்கு இதமாகிறது. ஆனால் அதே நிழலில் 1, 2 என்று இருமடங்கு வேற்றுமையோடு நின்ற இரண்டு கற்கள் இப்போது 7.7, 8.7 என்று ஏறக்குறைய ஒரே சாயலில் நிற்கின்றன. திரை நிழலைத் தூக்கிவிடுகிறது; நிழலுக்குள் இருந்த விவரத்தைக் கூட்டுவதில்லை.

அப்படியானால் பழைய தலைமுறை இதைக் குணமென்று கொண்டாடியது வெறும் பிரமையா? அன்று. பிலிமுக்கு ஒரு வாசற்படி உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த ஒளி அதில் தடமே பதிக்காது. நிழலிலிருந்து வரும் சொற்ப ஒளி அந்தப் படியைத் தாண்ட இயலாமல் தவிக்கையில், லென்ஸுக்குள் சிதறிய ஒளி வந்து சேர்ந்து அதைப் படிக்கு மேலே ஏற்றிவிடும்; பார்வைக்கு விவரம் கூடியது மெய்யே. டிஜிட்டல் உணரிக்கோ அத்தகைய வாசற்படி கிடையாது. பூஜ்யத்திலிருந்தே அது நேர்விகிதத்தில் எண்ணத் தொடங்குகிறது. தூணிலிருந்து 100 ஒளித்துகள்கள் வருமானால், இயற்கையின் ஏற்ற இறக்கம், அதாவது சலசலப்பு, அதன் வர்க்கமூலமான 10. தூணின் ஒளி சலசலப்பைவிடப் பத்து மடங்கு. திரையிலிருந்து 670 துகள்கள் கூடச் சேர்ந்தால், மொத்தம் 770-ன் வர்க்கமூலம் ஏறக்குறைய 28; தூணின் பங்கு அதே 100-தான். கணினியில் திரையைக் கழித்துவிடலாம். அது கொண்டுவந்த சலசலப்பைக் கழிக்க வழியில்லை. பிலிமுக்கு உபகாரமாயிருந்த அதே பிழை உணரிக்கு உபத்திரவமாக மாறுவது இப்படித்தான். பழைய லென்ஸுக்கு ஆத்மா உண்டென்று பேசும் அன்பர்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்த ஆத்மாவில் பாதி பிலிமோடு போய்விட்டது என்பது மட்டுமே என் கட்சி.

திரையைக் குறைக்கும் உபாயம் தற்செயலாகப் புலப்பட்டது. இங்கிலாந்தில் யார்க் நகரத்துக் குக் தொழிற்சாலையில் பணிபுரிந்த டென்னிஸ் டெய்லர், நாட்பட்டு மேற்பரப்பு நிறம் மாறிய வில்லைகள் புதிய வில்லைகளைவிட அதிக ஒளியைக் கடத்துகின்றன என்பதை 1892-ல் கவனித்தார். வயது லென்ஸைக் கெடுக்கும் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில் கிடைத்த அந்தச் செய்தி, 1935-ல் ஸைஸ் கம்பெனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மகூலா வெற்றிடத்தில் மெல்லிய பூச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றபோது பயனுக்கு வந்தது. பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால் பங்குக்கு இசைந்த, சுமார் 100 நானோமீட்டர் தடிப்புள்ள மக்னீசியம் ஃபுளோரைடுப் படலத்தில், மேல்முகத்தில் பிரதிபலிக்கும் அலையும் அடிமுகத்தில் பிரதிபலிக்கும் அலையும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. பச்சை அழிய, எஞ்சிய நீலமும் சிவப்பும் சேர்ந்து ஊதாச் சாயல் காட்டுவதால், பூச்சிட்ட லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுவிடலாம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்தவை பெரும்பாலும் பூச்சிட்டவை. வெயிலும் நிழலும் ஒரே சட்டத்தில் வரும் பிராகாரங்களுக்கு, 1953-ன் சும்மிக்ரான் போன்ற பூச்சிட்ட லென்ஸையும், வெயில் தாழ்ந்த பிறகோ, மேகம் மூடிய ஆடி மாதத்துக் காவிரிக்கரையிலோ எல்மாரையும் சும்மாரையும் தேர்ந்துகொள்வது உசிதம் என்று நினைக்கிறேன்.

ஒளிச்சிதறலைப் பற்றித் திருச்சியில் நின்று பேசிவிட்டு, ஸ்ரீரங்கத்துக்குப் போகும் வழியிலுள்ள திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி. வி. ராமனைக் குறிப்பிடாமல் போவது அபசாரம். 1928-ல் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்கள் சிதறடிக்கும் ஒளியில் புதிய நிறங்களைத் தேடியபோது, சூரிய ஒளியைச் செறிவாக்க உபயோகித்தது 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி லென்ஸ் ஒன்றை. நட்சத்திரங்களைப் பார்க்கும் வகையைச் சேர்ந்த லென்ஸ் பென்சீன் குப்பியைப் பார்க்கத் திரும்பிற்று.

அகலக்கோண லென்ஸுகளின் விவகாரம் முற்றிலும் வேறு. டிரைப் வந்த நாளில் மொட்டையாக நின்று, 1987-ல் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு நிறைவெய்திய தெற்கு ராஜகோபுரத்தை, காமிராவை அண்ணாக்காமல் நேராகப் பிடித்து முழுதும் அடக்க வேண்டுமானால், 50 மில்லிமீட்டர் லென்ஸோடு சுமார் 200 மீட்டர் பின்வாங்க வேண்டும். அத்தனை தூரத்துக்குத் தெருவில் பஸ்ஸும் ஆட்டோவும் பூக்கடைப் பந்தலும் மறைக்காமல் இருப்பது அரிது. 21 மில்லிமீட்டர் லென்ஸானால் 80 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் போதும். இத்தகைய வேலைக்கென்று 1963-ல் வந்த எஃப்/3.4 சூப்பர் ஆங்குலான், ஏறத்தாழ சமச்சீராக அமைந்து, நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் உத்தமமான லென்ஸ். ஆனால் அதன் பின்வில்லை காமிராவுக்குள் வெகுதூரம் புகுந்து பிலிமை நெருங்கி நிற்பதால், சட்டத்தின் மூலைகளை அடையும் கிரணங்கள் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் வந்து விழுகின்றன. பிலிம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒளி எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் வெள்ளித் துகளுக்கு ஒன்றே. உணரியின் பிக்சலோ ஒரு கிணறு. உச்சி வெயில் கிணற்றின் அடித்தண்ணீர் வரை இறங்கும், காலை வெயில் பக்கச் சுவரில் விழுந்து நின்றுவிடும். சாய்ந்த ஒளி தனக்குரிய குழியை விட்டுப் பச்சை வடிகட்டியிலிருந்து சிவப்புக் குழிக்கும், சிவப்பிலிருந்து பச்சைக் குழிக்கும் தாவுவதால், படத்தின் ஓரங்கள் இருண்டு, ஒரு பக்கம் செந்நீலமும் மறுபக்கம் பச்சையுமாகச் சாயம் ஏறுகின்றன. வெள்ளைக் கோபுரத்தைப் போன்ற வெளிறிய பரப்பில் இந்தச் சாயம் உடனே அம்பலமாகும்.

எம்8, எம்9 காமிராக்களை வடிவமைத்தவர்கள், ஒவ்வொரு பிக்சலின் தலைமேலும் உள்ள நுண்வில்லையை ஓரத்துக்குப் போகப்போகப் படத்தின் நடுவை நோக்கி நகர்த்தி வைத்து, சாய்ந்து வரும் ஒளியைக் குழிக்குள் திருப்பிவிட முயன்றார்கள். பின்புறத்திலிருந்து ஒளியை ஏற்கும் எம்11 போன்ற புதிய உணரிகளில் குழியின் ஆழமே குறைந்திருக்கிறது. உணரியின்மேல் மூடியிருக்கும் கண்ணாடித் தகடும் சும்மா இருப்பதில்லை. தன் தடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குவியத்தைப் பின்தள்ளுவதோடு, சாய்ந்த கிரணங்களை இன்னும் அதிகமாகத் தள்ளி, மூலைகளைக் கலைக்கிறது. பழைய லென்ஸைக் கணித்தவர்களின் சூத்திரங்களில் இந்தத் தகடு இல்லை. ரேஞ்சுஃபைண்டர் காமிராக்களில் அதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலியச் செய்தது பழைய லென்ஸுகளை மனத்தில் வைத்துத்தான். எம்8-ல் வெறும் அரை மில்லிமீட்டர். அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் காரியத்தையும் அந்தத் தகடே செய்ய வேண்டியிருந்தபடியால், மெலிந்த தகடு அதில் கோட்டைவிட்டது. செயற்கை நூலாலான கறுப்புத் துணிகள் படத்தில் கத்தரிப்பூ நிறம் பூண்டு நின்றன. லென்ஸின் முகத்தில் மாட்டிக்கொள்ளத் தனி வடிகட்டிகளை, காமிரா வாங்கியவர்களுக்குக் கம்பெனியே வழங்க நேர்ந்தது. நீலத்தை மட்டும் கண்ட டிரைப்பின் காகிதம் ஒரு கோடி, மனிதக் கண்ணுக்கு எட்டாத சிவப்பையும் காணும் சிலிக்கான் மறுகோடி.

சில லென்ஸுகளால் காமிராவுக்கே ஆபத்து உண்டு. எல்மார், சும்மார், பழைய சும்மிக்ரான் முதலியவை உபயோகமில்லாதபோது குழலை உள்ளே தள்ளி மடக்கி வைக்கக் கூடியவை. டிஜிட்டல் காமிராவில் பொருத்தியபின் அப்படி மடக்கினால், குழலின் பின்முனை உள்ளிருக்கும் பாகங்களில் இடிக்கலாம், தயாரிப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். இழுத்துத் திருகிப் பூட்டிய நிலையிலேயே மாட்டவும் கழற்றவும் வேண்டும்.

தாத்தாவின் பீரோவிலிருந்து ஒரு லென்ஸ் கிடைத்தால், முதலில் அதைக் காமிராவில் மாட்டாமல், துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து டார்ச் ஒளியைச் செலுத்திச் சாய்வாகப் பார்ப்பது நல்லது. பனிமூட்டம்போல் சீராகப் பரவியிருந்தால், அது பெரும்பாலும் உள்ளேயிருந்த எண்ணெய்ப் பசை ஆவியாகி வில்லைகளில் படிந்ததாகும். தேர்ந்த மெக்கானிக் பிரித்துத் துடைத்துவிடுவார். விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால், வில்லைகளை ஒட்டிய கனடா பால்சம் விலகத் தொடங்கியிருக்கிறது. சிலந்தி வலைபோல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை; அது கக்கும் அமிலம் பூச்சையும், பின்பு கண்ணாடியையுமே அரிப்பதால், துடைத்த பிறகும் தடம் நிற்கும். சும்மாரின் முன்வில்லை மிகவும் மென்மையான கண்ணாடி; வேஷ்டித் தலைப்பால் துடைத்த தலைமுறைகளின் கீறல்கள் அதில் அநேகமாக இருந்தே தீரும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில், கோடையில் பூஞ்சைக்கு அவ்வளவாக இடமில்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரையில் அதற்குத் திருவிழா. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டாத பெட்டி ஒன்றில், காற்றுப்புகாமல் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு லென்ஸை வைத்திருந்தால் போதுமானது. பொட்டலம் நிறம் மாறினால் சூடேற்றி உலர்த்தி மறுபடி வைக்கலாம். லென்ஸோடு கூடவே வரும் அழகிய தோல் உறைதான் பூஞ்சையின் பிறந்தகம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் தோலுக்கும் உள்ளே தைத்த வெல்வெட்டுக்கும் நிகரில்லை. பழம்பொருள் சேகரிப்போர் அந்த உறைக்கென்று தனி விலை கொடுப்பார்களாதலால், அதை எறிந்துவிட வேண்டாம், லென்ஸில்லாமல் வேறொரு தட்டில் வைக்கலாம்.